பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

உங்கள் அம்மா இந்த நிமிஷம் என்ன செய்துகொண்டிருக்கிறார்?

சிலர் பக்கத்து அறையை எட்டிப் பார்த்து பதில் சொல்வீர்கள். சிலர், "தெரியலையே... சாயங்காலம் போன் பண்ணணும்" என்பீர்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, கட்டைவிரலால் இரண்டு தட்டு தட்டி, "ஹால்ல உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருக்காங்க" என்று சொல்லும் கூட்டம். அம்மா இருப்பது மதுரை தல்லாகுளத்தில். மகன் இருப்பது நியூ ஜெர்சியில். கீரை துல்லியமாகத் தெரிகிறது.

இந்த மூன்றாவது கூட்டம் பெருகிக்கொண்டே வருகிறது. காரணம் எளிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 100-க்கு எட்டரை பேர். தமிழ்நாட்டில் 10-ஐத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு அந்த எண் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. குழந்தைகளைக் குறைவாகப் பெற்றோம், நன்றாகப் படிக்க வைத்தோம், படித்தவர்கள் வேலை இருக்கும் ஊருக்குப் போனார்கள். இதில் யார் மேலும் தப்பு இல்லை.

விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் தமுக்கம் மைதானத்தில் ஆரம்பித்து தல்லாகுளம் பெருமாள் கோயில் வரை ஒரு நடை போய், பின்பக்கத் தெருக்களில் திரும்புங்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், ஓய்வுபெற்ற பேங்க் ஆபீஸர், ஓய்வுபெற்ற தாசில்தார். பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு. மாடி வாடகைக்கு. கீழே இரண்டு பேர். சில வீடுகளில் ஒரே ஒருவர்.

அந்த ஒருவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தால்?

இந்தக் கேள்விதான் ராத்திரி 2 மணிக்கு வெளிநாட்டில் இருக்கும் மகனை எழுப்புகிறது. இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒரு பெரிய வியாபாரமும் நடக்கிறது.

*

வியாபாரம் புதுசு அல்ல. 1974-லேயே அமெரிக்காவில் ஆண்ட்ரூ டிப்னர் என்ற மனோதத்துவப் பேராசிரியர், முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டனை வைத்து ஒரு கம்பெனியை ஆரம்பித்தார். விழுந்தால் பட்டனை அழுத்த வேண்டும். மறுமுனையில் ஆள் பேசுவார்.

ஜப்பான்காரர்கள் இன்னும் நாசூக்கு. 2001-ல் ஸோஜிருஷி என்ற நிறுவனம் ஒரு வெந்நீர்க் கெட்டில் கொண்டுவந்தது. பாட்டி டீ போடுவதற்கு அதில் வெந்நீர் பிடித்தால், அந்தத் தகவல் வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு ஈமெயிலில் போகும். "அம்மா இன்று காலை டீ குடித்தாள்" என்பதுதான் சேதி. கேமரா இல்லை, மைக் இல்லை. டீ மட்டும்.

2018-ல் ஆப்பிள் வாட்ச் வந்து, கட்டியிருப்பவர் தடாலென்று விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் என்றது. இப்போது வீட்டுக்குள் கேமரா, கதவில் சென்ஸார், மாத்திரை நேரத்துக்குக் கத்தும் டப்பா, கேஸ் கசிந்தால் அலறும் கருவி, "பாட்டு போடு" என்றால் போடும் ஸ்பீக்கர் எல்லாமே கடையில் கிடைக்கிறது. கேமரா விலை ஒரு நல்ல பட்டுப்புடவையின் விலையைவிடக் குறைவு.

இவையெல்லாம் வேண்டுமா, வேண்டாமா என்பது டெக்னாலஜி கேள்வி போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது தர்மசங்கடமான ஒரு தர்மக் கேள்வி. ஒருவரைப் பத்திரமாக வைத்திருப்பதற்காக, அவரிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது?

*

தல்லாகுளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மா. வயது 74. கணவர் இல்லை. மகன் ஒரு லீவில் வந்தபோது ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று இரண்டு கேமரா மாட்டிவிட்டுப் போனார். அன்பால்தான் செய்தார். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஒரு மாதம் கழித்து டீச்சரம்மா வீட்டுக்குப் போனால், இந்த வெயிலில் ஹாலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா, காய்ச்சலா?"

"இல்லப்பா. முன்னாடியெல்லாம் மத்தியானம் இங்கனதான் ஃபேனுக்குக் கீழ சேலைய கொஞ்சம் தளர்த்திக்கிட்டு தரையில படுப்பேன். இப்ப அது பாத்துக்கிட்டே இருக்கே" என்று மோட்டுவளையைக் காட்டினார்.

இன்னொரு நாள் அவர் ஒரு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்ட அடுத்த நிமிஷம் போன் வந்தது. "ஏம்மா, சுகர் இருக்குல்ல உனக்கு?" டீச்சரம்மா 35 வருஷம் வகுப்பறையில் பின்பெஞ்சுக்காரர்களைக் கண்காணித்தவர். "இப்பத்தான் தெரியுது, அந்தப் பயலுகளுக்கு எப்படி இருந்திருக்கும்னு" என்று சிரித்தார்.

"வேணாம்னு மகன்கிட்ட சொல்லலாமே?"

"அவன் நிம்மதியாத் தூங்குறான்ப்பா. அதைப் போயி கெடுக்கணுமா?"

நான் படித்தது பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த முதல் விதி இன்னும் மறக்கவில்லை. பெறுபவரைப் பற்று வை, கொடுப்பவரை வரவு வை. எந்தக் கணக்கிலும் முதலில் கேட்க வேண்டியது, யார் பெறுகிறார், யார் கொடுக்கிறார் என்பதுதான்.

இந்தக் கேமரா கணக்கை எழுதிப் பாருங்கள். பெற்றது நிம்மதியான தூக்கம். பெற்றவர் மகன். கொடுத்தது மத்தியானத் தூக்கம், மைசூர்பாகு, சேலையைத் தளர்த்திக்கொள்ளும் உரிமை. கொடுத்தவர் அம்மா. "அம்மாவுக்காக கேமரா வாங்கிக் கொடுத்தேன்" என்று நாம் சொல்கிறோம். புத்தகத்தில் பதிவு தலைகீழாக இருக்கிறது.

அம்மாக்கள் இந்த மாதிரி கணக்குகளில் எப்போதுமே கொடுப்பவர்கள்தான், கேட்காமலே கொடுப்பார்கள் என்பது வேறு விஷயம். அதனால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

*

உடனே "அந்தக் காலத்தில்..." என்று ஆரம்பிக்காதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் கேமராவே தேவைப்படவில்லை, பாசம் இருந்தது, திண்ணை இருந்தது என்று ஒரு பாட்டு உண்டு. எனக்கும் திண்ணை பிடிக்கும். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அந்தக் காலத்தில் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார்? ராத்திரியில் கைபிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனது யார்? படுத்த படுக்கையானால் துடைத்து விட்டது யார்? அந்தக் காலத்து டெக்னாலஜிக்குப் பெயர் மருமகள். அதற்குக் கரண்ட் செலவு இல்லை, சம்பளம் இல்லை, லீவு இல்லை, ஆஃப் செய்யும் ஸ்விட்ச்சும் இல்லை. இன்று அந்தப் பெண் கலெக்டர் ஆபீஸிலோ கம்ப்யூட்டர் கம்பெனியிலோ வேலை பார்க்கிறாள் என்றால், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

பழைய பாசத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. மதுரைக்குத் தெற்கே விருதுநகர் வட்டாரத்தில், படுக்கையில் விழுந்த முதியவர்களுக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, இளநீர் கொடுத்து "அனுப்பிவைக்கிற" தலைக்கூத்தல் பற்றி 2010-ல் செய்திகள் வந்தபோது நாடே அதிர்ந்தது. அதெல்லாம் கூட்டுக் குடும்பங்கள் வாழ்ந்த கிராமங்கள்தான். பக்கத்தில் ஆள் இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. எனவே, கருவிகள் வந்து பாசத்தைக் கெடுத்துவிட்டன என்று அழ நான் தயாராக இல்லை.

விழுதல் என்பது உண்மையான ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், உலகம் முழுக்க வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிகம் இறப்பவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள். எலும்பு முறிவு ஒரு பக்கம் இருக்கட்டும், எழுந்திருக்க முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பது தனி ஆபத்து. உடம்பு குளிர்ந்து, நீர் வற்றி, தசை நசுங்கி, சிறுநீரகம் வரைக்கும் போய்விடும்.

அப்படியானால் பட்டன் மாட்டிவிட்டால் தீர்ந்ததா?

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஓர் ஆராய்ச்சி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 90 வயதைத் தாண்டியவர்களை ஒரு வருஷம் கூடவே இருந்து கவனித்தார்கள். 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. விழுந்தவர்கள் 66 பேர். அதில் 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அவசர பட்டன் வசதி இருந்தது. ஆனாலும் நீண்ட நேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை!

ஏன்? பட்டன் எட்டவில்லை என்பது சிலர். "நானே எழுந்துவிடலாம் என்று பார்த்தேன்" என்றார்கள் சிலர். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் சிலருக்கு. யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாமே என்ற எண்ணம் சிலருக்கு.

கடைசிக் காரணம் நமக்கு ரொம்பத் தெரிந்த குரல் இல்லையா? "உனக்கு எதுக்குப்பா சிரமம்?" கேம்பிரிட்ஜ் பாட்டியும் தல்லாகுளம் டீச்சரம்மாவும் ஒரே தெருக்காரர்கள் மாதிரி பேசுகிறார்கள்.

பட்டனை அழுத்துவது விரலின் வேலை என்று இன்ஜினீயர் நினைக்கிறார். அது மனசின் வேலை. "எனக்கு நீ வேண்டும்" என்று ஒருவரிடம் சொல்வது அது. வாழ்நாள் பூராவும் மற்றவர்கள் கேட்க, தான் கொடுத்துப் பழகிய ஒருத்திக்கு, 74 வயதில் கேட்பதற்குப் புதிதாகப் பழகுவது சுலபமில்லை. "எப்ப வேணும்னாலும் கூப்பிடும்மா" என்று சொல்லிவிட்டு, கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்" என்று நாலு தடவை கட் செய்திருப்போம். ஐந்தாவது தடவை பட்டன் கையில் இருந்தாலும் அழுத்த மாட்டார்.

*

பாதுகாப்பு மட்டும்தான் முக்கியமா என்ற கேள்விக்கு வருவோம்.

நம் வீடுகளில் ஒரு சின்ன சண்டை ரொம்ப நாளாக நடக்கிறது. பாத்ரூம் தாழ்ப்பாள் சண்டை. "உள்ள தாழ்ப்பாள் போடாதீங்கப்பா, விழுந்தா எப்படிக் கதவைத் திறக்கிறது?" என்று மகள். "தாழ்ப்பாள் போடாம எப்படிக் குளிக்கிறது?" என்று அப்பா. இருவர் சொல்வதும் நியாயம். ஒருவர் உயிரைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் மானத்தைப் பற்றிப் பேசுகிறார். உயிர்தான் பெரிசு என்று சொல்லிவிடலாம். ஆனால் மானம் போனால் உயிர் வாழாத கவரிமானை உதாரணம் காட்டி வளர்த்த சமூகம் அல்லவா நாம்!

1983-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தில் கேரன் பிரவுன் வில்ஸன் என்ற பெண்மணி 112 குடியிருப்புகள் கொண்ட ஒரு முதியோர் இல்லம் கட்டினார். நர்சிங் ஹோமில் முடங்கிக் கிடந்த தன் தாயைப் பார்த்துப் பார்த்து நொந்தவர் அவர். அவர் செய்த புரட்சி என்ன தெரியுமா? ஒவ்வொருவர் அறைக் கதவுக்கும் பூட்டு. சாவி முதியவர் கையில். எப்போது தூங்குவது, என்ன தின்பது, யாரை உள்ளே விடுவது என்பது அவர் இஷ்டம். உதவி ஒரு பட்டன் தூரத்தில். "இவர்களை இப்படி விட்டால் ஆபத்து" என்று அப்போது நிறையப் பேர் கூச்சல் போட்டார்கள். அங்கே இருந்தவர்களின் உடல்நிலை கெடவில்லை, மனநிலை நன்றாக இருந்தது என்று பிறகு அரசாங்கமே பார்த்துத் தெரிந்துகொண்டது.

தாழ்ப்பாள் சண்டைக்கும் தீர்வு உண்டு. உள்ளே பூட்டலாம், அவசரம் என்றால் வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கலாம் என்கிற மாதிரி பூட்டுகள் இருக்கின்றன. அப்பாவுக்கு மானம், மகளுக்கு நிம்மதி. நல்ல டெக்னாலஜி என்றால் எனக்கு இதுதான். இரண்டு பேரின் நியாயத்தையும் கேட்டுவிட்டுச் செய்யப்பட்டது.

இதற்கு ஓர் எதிர்க்கேள்வி வரும். வர வேண்டும். "ரிஸ்க் அவங்களோடதுனு சொல்றீங்க. விழுந்தா லீவு போட்டுட்டு ஓடி வர்றது நான்தானே சார்? ஆஸ்பத்திரி செலவு நான்தானே?" ரொம்ப நியாயம். பெற்றவர்கள் எடுக்கும் ரிஸ்க்கில் பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. அதனால்தான் இதை ஒருவர் மட்டும் முடிவு செய்ய முடியாது. இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒப்பந்தத்துக்கு வர வேண்டிய விஷயம். கவனியுங்கள், இரண்டு பெரியவர்கள். நம் வீடுகளில் அப்பாவுக்கு 75 ஆனதும் பிள்ளைகள் அவரைத் திரும்ப எல்.கே.ஜி.யில் சேர்த்துவிடுகிறார்கள்.

*

கேமராவுக்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் விலை மலிவு. விளம்பரம் இல்லாததால் யாரும் பேசுவதில்லை.

பாத்ரூம் சுவரில் கையால் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. வழுக்காத தரை, அல்லது ரப்பர் மேட். படுக்கையிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் ராத்திரி எரியும் சின்ன விளக்கு. நடக்கும் வழியில் கிடக்கும் மிதியடி, வயர், பழைய பேப்பர்க் கட்டு ஆகியவற்றை அப்புறப்படுத்துவது. பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா என்று டாக்டரிடம் கேட்பது. படுக்கையிலிருந்து உடனே எழாமல் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுவது. இதற்கெல்லாம் வைஃபை வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய கருவி ஒன்று மதுரையிலேயே தயாராகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்!

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரை அண்ணாநகரில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். நம் கணக்கில் அவரே ஒரு 'சீனியர் சிட்டிசன்' ஆகப் போகிறவர். வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992-ல் ஆரோலேப் என்ற பெயரில் இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. புரை நீங்கிப் பார்வை பெற்றவர்கள் லட்சக்கணக்கில் வீடு திரும்பினார்கள்.

இதற்கும் விழுவதற்கும் என்ன சம்பந்தம்? 2005-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைத் தாண்டிய சுமார் 300 பெண்களை வைத்து ஒரு சோதனை. காத்திருக்க வைக்காமல் சீக்கிரம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் விழுவது 34 சதவிகிதம் குறைந்திருந்தது. வாட்ச் நீங்கள் விழுந்த பிறகு மகனுக்குச் சொல்லும். லென்ஸ் விழாமல் காக்கும். அது அம்மாவை யாருக்கும் காட்டுவதில்லை. அம்மாவுக்கு உலகத்தைக் காட்டுகிறது.

கருவி வாங்கப் போகும்போது நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதுதான். இது அவர் பார்ப்பதற்கா, அவரைப் பார்ப்பதற்கா?

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

இரண்டாவது: ஆஃப் ஸ்விட்ச் யார் கையில்? அம்மாவால் அதை அணைக்க முடியுமென்றால் அது அவருடைய சாதனம். முடியாதென்றால் அவர் அதனுடைய கைதி. ஜப்பான் கெட்டிலின் அழகு, டீ போடாமல் இருக்கும் சுதந்திரம் பாட்டியிடம் இருந்ததுதான்.

மூன்றாவது: மணி அடித்தால் யார் வருவார்? இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தல்லாகுளத்தில் விழுந்த அம்மாவின் வாட்ச் நியூ ஜெர்சியில் மணி அடிக்கும். மகன் பதறி எழுவார். எழுந்து? எதிர்வீட்டுக்காரர் நம்பரைத் தேடுவார். அது இருக்காது. 2008-லிருந்து நம்மிடம் 108 இருக்கிறது, அருமையான சேவை. ஆனால் உள்பக்கம் பூட்டிய கதவை ஆம்புலன்ஸ்காரர் என்ன செய்வார்? எத்தனை சாட்டிலைட்டுகளைச் சுற்றி வந்தாலும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி, எதிர்வீட்டுக்காரரின் கையில் இருக்கும் ஒரு மாற்றுச் சாவி. கேமராவுக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் எதிர்வீட்டுக்கு ஒரு தடவை போய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

மதுரையில் இந்த வகை சென்ஸார் பல தெருக்களில் இலவசமாகவே இயங்குகிறது. காலை 7 மணிக்கு மேலும் பால் பாக்கெட் வாசலில் கிடந்தால் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார். கோலம் போடவில்லை என்றால் பூக்காரம்மா விசாரிப்பார். பிரான்ஸில் 2017-ல் தபால் துறை, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு தபால்காரர் வயதானவர்களை எட்டிப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சேதி சொல்லும் சேவையை ஆரம்பித்தது. தல்லாகுளம் தபால் நிலையத்திலிருந்து மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர்கள் இதை எத்தனையோ வருஷம் கட்டணமில்லாமல் செய்திருக்கிறார்கள். அதற்குச் 'சேவை' என்று பெயர் வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதே வருஷம் முதியோருக்கென்று 14567 என்ற உதவி எண் வந்தது. முன்பு, உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பதற்கே பென்ஷன்காரர் ஆட்டோ பிடித்து ஆபீஸுக்குப் போக வேண்டும். 2014 நவம்பரில் மத்திய அரசு டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்த பிறகு, விரல் ரேகையிலும் இப்போது செல்போன் முன்னால் முகத்தைக் காட்டியும் வீட்டிலிருந்தே அதைச் செய்ய முடிகிறது. கால் வலிக்காரரைப் படியேற வைக்காத டெக்னாலஜிக்கு ஒரு கும்பிடு.

2007-ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம்கூட வந்துவிட்டது. கவனிக்காத பிள்ளை மீது ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால் மாதாமாதம் பணம் தரச் சொல்லி உத்தரவு வாங்கலாம். பணம் தர உத்தரவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து அரை மணி நேரம் வெட்டிக்கதை பேச உத்தரவிட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

*

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மறதி நோய். 2023-ல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு டிமென்ஷியா. ஏறக்குறைய 88 லட்சம் பேர். வீட்டு விலாசம் மறந்து பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு தாத்தாவின் இடுப்பில், இருக்கும் இடத்தைச் சொல்லும் ஒரு கருவி இருந்தால் அது வரம். அங்கே "சம்மதம் கேட்டாயா?" என்று நான் சட்டம் பேச மாட்டேன். ஆனால் அவர் தெளிவாக இருந்த காலத்தில் எதை விரும்பினார், எதற்குக் கூசினார் என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவருக்கு மறந்துபோனதை அவருக்காக ஞாபகம் வைத்திருப்பது நம் வேலை. தெருவில் தொலையாமல் இருக்கக் கருவி வைத்தால், குளியலறையில் கேமரா வைக்க அது அனுமதி ஆகாது.

இன்னொரு எச்சரிக்கை. நாம் வாங்கிக் கொடுக்கும் செல்போன் வழியாகத் திருடனும் உள்ளே வருகிறான். "போலீஸ் பேசறேன், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்று வீடியோ காலில் மிரட்டி, ஓய்வுபெற்றவர்களின் ஆயுள் சேமிப்பைக் கறந்த கதைகள் எவ்வளவு! 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்க வேண்டியிருந்தது. தனியாக இருப்பவர்தான் இலக்கு. ஏனென்றால், "இப்படி ஒரு போன் வந்துச்சுப்பா" என்று சொல்ல அவர் பக்கத்தில் ஆள் இல்லை. இதற்கு மருந்து செல்போனைப் பிடுங்குவது இல்லை. 1930 என்ற எண்ணை எழுதி ஒட்டுங்கள். அதைவிட முக்கியம், எதைச் சொன்னாலும் திட்டாமல் கேட்கும் ஒரு பிள்ளை இருப்பது. ஏமாந்ததைச் சொன்னால் திட்டு விழும் என்று பயந்து, முதல் லட்சத்தோடு நிற்க வேண்டியது பத்து லட்சம் வரை போன வீடுகள் உண்டு.

*

சித்திரைத் திருவிழா. எதிர்சேவை முடிந்து அழகர் ராத்திரி வந்து தங்குவது தல்லாகுளம் பெருமாள் கோயிலில். விடிவதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையைச் சூட்டிக்கொண்டு வைகைக்குப் புறப்படுவார். டீச்சரம்மா வீட்டிலிருந்து நடக்கிற தூரம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அவர் பார்க்காமல் விட்டதில்லை.

போகக் கூடாது என்கிறார் மகன். காரணம் இல்லாமல் இல்லை. 2022 ஏப்ரல் 16-ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். வாசல் கதவில் சென்ஸார் இருக்கிறது. ராத்திரி கதவு திறந்தால் அமெரிக்காவில் தெரிந்துவிடும். "டி.வி.ல லைவ்வா காட்டுறாங்களேம்மா, க்ளோஸப்ல பாக்கலாம்."

டீச்சரம்மா சொன்னது: "டி.வி.ல நான் அவரைப் பாக்கலாம். அவரு என்னையப் பாக்க வேணாமா?"

நீங்கள் அந்த மகனாக இருந்தால் என்ன செய்வீர்கள்? போகாதே என்று தடுக்கலாம். எக்கேடோ கெட்டுப் போ என்று விடலாம். இரண்டுமே சுலபம். மூன்றாவதுதான் கொஞ்சம் மெனக்கெடல். மாடியில் குடியிருக்கும் காலேஜ் பையனைத் துணைக்கு அனுப்பி, நெரிசல் உள்ளே போகாமல் தெரு முனையில் ஒரு நாற்காலி போட ஏற்பாடு செய்து, கையில் அந்த வாட்ச்சைக் கட்டிவிட்டு, "போயிட்டு வாம்மா, எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்று சொல்வது. வாட்ச்சுக்கு அங்கேதான் மரியாதை. அம்மாவை வீட்டுக்குள் வைக்க வாங்கிய கருவி, அம்மாவை வெளியே அனுப்பப் பயன்பட்டது.

அப்போதும் மகனுக்கு அந்த ராத்திரி தூக்கம் வராது. வர வேண்டியதில்லை. நாம் ராத்திரி செகண்ட் ஷோ போனபோது அவர்கள் தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா? நம் பயத்தை நாமே கொஞ்சம் சுமக்கலாம். பிரியத்தின் செலவுக் கணக்கில் அதையும் எழுதிக்கொள்ளலாம்.

தமிழில் 'பார்' என்று ஒரு சொல். அதோடு 'கொள்' சேர்த்தால் 'பார்த்துக்கொள்.' ஊருக்குப் போகும்போது, "அம்மாவைப் பாருங்க" என்று யாரும் பக்கத்து வீட்டில் சொல்வதில்லை. "அம்மாவைப் பார்த்துக்கங்க" என்றுதான் சொல்கிறோம். பார்ப்பதற்கு இன்று ஆயிரம் கருவிகள் இருக்கின்றன. நல்ல கருவிகள், தாராளமாக வாங்குங்கள். அந்தக் 'கொள்' மட்டும் எந்த டப்பாவிலும் வருவதில்லை.

இதைப் படித்து முடித்ததும் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டாம். "கேமராவை இருக்க விடலாமா, கழட்டிடலாமா? நீ என்னம்மா சொல்றே?" என்று கேளுங்கள். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்ப்பா" என்பார். உடனே நம்பிவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.